பன்னிரண்டில் ஒன்று

சென்ற மாதம் ஒரு பிழைதிருத்தல் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்காக அம்பாசமுத்திரம் போயிருந்தேன். 1997-இல் நானும் தங்கையும் எங்கள் பங்கை விட்டுத் தம்பிக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தில், நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள வயலின் சர்வே உட்பிரிவு எண் ஓரெழுத்து மாறி விழுந்திருக்கிறது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த அந்தப் பிழை, தம்பி வயலை விற்கப் பேசி முடித்ததும் வாங்குபவருடைய வக்கீலின் கண்ணில் பட்டுவிட்டது. அப்பா இருந்திருந்தால் இப்படி நேர்ந்திருக்காது என்று தம்பி இரண்டு முறை சொன்னான். அப்பா பத்திர எழுத்தர். எண்ணையும் எழுத்தையும் அருகருகே எழுதி, அளவையும் நான்கெல்லையையும் வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்காமல் எந்தப் பத்திரத்தையும் அவர் கையைவிட்டு அனுப்பியதில்லை.

டோக்கன் எண் வரும்வரை படிப்பதற்காகப் பையில் ஒரு புத்தகம் வைத்திருந்தேன். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜோன் வாலக் ஸ்காட் 2017-இல் வெளியிட்ட ஆய்வு நூல் அது. ‘பாலினமும் மதச்சார்பின்மையும்’ என்பது அதன் தலைப்புக்கு நேரான பொருள். 1941-இல் பிறந்த ஸ்காட் பிரெஞ்சு வரலாற்றில் தேர்ந்தவர். பிரின்ஸ்டனில் உள்ள உயராய்வு நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். ‘ஆண்’, ‘பெண்’ என்ற பகுப்பையே வரலாற்றை ஆராய்வதற்கான ஒரு கருவியாகக் கொள்ளலாம் என்று அவர் 1986-இல் எழுதிய கட்டுரையைப் பாடம் நடத்தித்தான் நான் பாளையங்கோட்டையில் என் ஆசிரியப் பணியின் பிற்பாதியைக் கழித்தேன். எனவே அவரிடம் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதச்சார்பின்மை என்றாலே ஆண் பெண் சமத்துவம், இஸ்லாம் என்றாலே பெண்ணடிமை என்று இப்போது உலகமெங்கும் ஒரு பேச்சு நிலைபெற்றுவிட்டது. அந்தப் பேச்சின் வயது என்ன, அது எப்போது, யாரால், எதற்காகப் பேசப்பட்டது என்பதே ஸ்காட் எடுத்துக்கொண்ட கேள்வி. இஸ்லாமியக் குடும்பங்களில் பெண்ணுக்குக் குறையே இல்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. மதச்சார்பின்மை பிறக்கும்போதே சமத்துவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்தது என்ற கதையைத்தான் அவர் மறுக்கிறார். 2009-இல் ஃபிளாரன்ஸ் நகரில் ஆற்றிய உரையொன்றில், ‘செக்ஸ்’ என்ற சொல்லையும் ‘செக்யூலரிசம்’ என்ற சொல்லையும் ஒட்டி ‘செக்ஸுலரிசம்’ என்று ஒரு கேலிச் சொல்லை உண்டாக்கி, இந்தக் கதைக்குப் பெயரும் வைத்தார்.

அவர் காட்டும் சான்றுகளில் பெரும்பாலானவை பிரான்சிலிருந்து வருபவை. அங்கேதான் நூல் தடிமனாகிறது. 1791-இல் பெண்ணின் உரிமைகளைப் பட்டியலிட்டு எழுதிய ஒலிம்ப் த கூஜ் 1793-இல் கில்லட்டினில் தலை கொடுத்தார். அதே ஆண்டில் பெண்களின் அரசியல் சங்கங்களும் மூடப்பட்டன. 1804-இல் வந்த நெப்போலியனின் சிவில் சட்டம், கணவன் மனைவிக்குப் பாதுகாப்பும் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதலும் தர வேண்டும் என்று விதித்தது. பாதிரியாரிடம் பாவமன்னிப்புக்குப் போகும் மனைவியின் வழியாகத் திருச்சபை வீட்டுக்குள் நுழைகிறது என்று குடியரசுவாதிகள் அஞ்சினார்கள். பெண் என்றால் பக்தி, ஆண் என்றால் பகுத்தறிவு என்று உலகை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். 1880-இல் பெண்களுக்கென்று அரசு உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தவர்களும் அவர்களேதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் தேர்வுக்கான பாடத்திட்டத்தை ஆண்களுக்குச் சமமாக அங்கே வைப்பதற்கு 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1905-இல் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிந்தன. 1919-இல் கீழவை பெண்களுக்கு வாக்குரிமை தர இசைந்தபோது மேலவை அதை 1922-இல் நிராகரித்தது; பெண்கள் பாதிரியார் சொன்ன பக்கம் வாக்களித்துக் குடியரசைக் கவிழ்த்துவிடுவார்கள் என்பது அன்று எதிர்த்தவர்கள் முன்வைத்த முக்கியமான வாதம். வாக்குரிமை 1944-இல்தான் வந்தது. கணவனின் அனுமதி இல்லாமல் மனைவி வங்கியில் கணக்குத் தொடங்கவும் வேலைக்குப் போகவும் 1965-இல் சட்டம் வர வேண்டியிருந்தது. அதாவது, பிரிவினைச் சட்டத்துக்குப் பிறகு அறுபது ஆண்டுகள்.

இதை அடுத்தடுத்து வாசித்துவிட்டு, 1989-இல் பாரிசுக்கு வடக்கே கிரேய் நகரப் பள்ளியொன்றில் முக்காட்டுடன் வந்த மூன்று மாணவிகள் வெளியேற்றப்பட்ட செய்திக்கும், பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களைத் தடைசெய்த 2004-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் வந்தால், சமத்துவம் எங்கள் குடியரசின் ஆதிமுதல் கொள்கை என்று அப்போது பேசியவர்களின் நினைவாற்றலை நினைத்துச் சிரிப்புத்தான் வருகிறது. அல்ஜீரியாவில் 1958 மே மாதம் பிரெஞ்சு அதிகாரிகளின் மனைவியர் பொது மேடையில் முஸ்லிம் பெண்களின் முகத்திரையை விலக்கிக் காட்டினார்கள். அதே அல்ஜீரியப் பெண்களுக்கு அந்த ஆண்டுதான் வாக்குரிமையே கிடைத்தது.

1989 என்ற ஆண்டைப் பார்த்ததும் என் மனம் கிரேயில் நிற்காமல் ஊருக்குத் திரும்பிவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பினாலேயே பங்குடையவள் என்று அந்தத் திருத்தம் சொன்னது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று நிறைவேற்றிய தீர்மானம், சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன என்பதைப் பெருமையாகவும் வருத்தமாகவும் ஒரே மூச்சில் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த நாளுக்கு முன்பே மணமுடித்துப் போன மகள்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. எனக்குத் திருமணமானது 1987-இல். தங்கைக்கு 1991-இல்.

அப்பா 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் தனக்கு எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு கோட்டை விதைப்பாடு நிலம். தாத்தா வழியில் வந்த பூர்வீகம். கணக்கு இப்படி வந்தது: பிறப்பினாலேயே பங்குடைய அப்பா, தம்பி, தங்கை ஆகிய மூவருக்கும் மூன்றில் ஒவ்வொரு பங்கு. அப்பாவின் மூன்றில் ஒன்றை அம்மா, தம்பி, தங்கை, நான் ஆகிய நால்வரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, தம்பிக்குப் பன்னிரண்டில் ஐந்து, தங்கைக்குப் பன்னிரண்டில் ஐந்து, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில், தாலி ஏறிய தேதி ஐந்து மடங்கு வேற்றுமையை உண்டாக்கிவிட்டது.

பதிவு அலுவலகத்தின் மர பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்காட்டின் புத்தகத்துக் கடைசி வெற்றுத் தாளில், அதே குடும்பம் வேறு மதத்தில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பென்சிலால் போட்டுப் பார்த்தேன். அப்பா முஸ்லிமாக இருந்திருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று போக மீதத்தில் மகனுக்கு இரண்டு பங்கும் மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கும் சேரும். அதன்படி எனக்கு 32-இல் 7. கிறிஸ்தவராக இருந்திருந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று போக மீதம் மூன்று பிள்ளைகளுக்கும் சமம். எனக்கு 9-இல் 2. இரண்டுமே கிட்டத்தட்ட நூற்றுக்கு 22. பகுத்தறிவு இயக்கத்தின் வழியில் வந்து, நான் வகுப்பில் கைதட்டிப் பாராட்டிய சீர்திருத்தச் சட்டம் எனக்கு விட்டுவைத்தது நூற்றுக்கு 8 சொச்சம். மகளுக்குப் பாதி என்று விதித்திருக்கிறார்களே என்று நாம் எவரைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறோமோ, அந்த முஸ்லிம் மகளின் பங்கில் பாதிகூட எனக்குத் தேறவில்லை.

இதைப் படித்துவிட்டு, ‘ஆகவே ஷரீஅத்தே மேல்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். தங்கையின் 42 விழுக்காட்டுக்கு முன் 22 நிற்காது. 2005-இல் மைய அரசு செய்த திருத்தம் மணமான மகள் என்ற விலக்கையும் எடுத்துவிட்டது. எங்கள் பத்திரம் அதற்கு முன்பே பதிவாகிவிட்டதால் அந்த மாற்றம் எங்களைத் தொடவில்லை, அவ்வளவுதான். மேலும், முஸ்லிம் மகளின் அந்தப் பங்கும் இங்கே நேரே வந்து சேர்ந்ததன்று. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விளைநிலத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவைத்திருந்தது. குர்ஆன் மகளுக்கு ஒதுக்கிய பங்கை வயல் வரப்புக்குள் விடாமல் காத்தது ஊர் வழக்கமும் நிலக்கிழாரின் செல்வாக்கும்தான். சென்னை மாகாணம் 1949-இல் செய்த திருத்தம்தான் அந்த வேலியை இங்கே பிடுங்கியது. சொத்து நஞ்சையும் புஞ்சையுமாகவே இருந்த எங்கள் பக்கத்தில், அந்த ஒரு விலக்கை எடுத்ததற்கு என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் பங்கு எவ்வளவு என்பதோடு கதை முடிவதில்லை. கல்லூரி விடுமுறைகளில் அப்பாவுக்கு நகல் எழுதிக் கொடுத்த எனக்கு, மூன்று மதத்துப் பெண்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே என்பது பதினெட்டு வயதிலேயே தெரியும். அந்த இடத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். விக்கிரமசிங்கபுரத்து அக்கா, பத்தமடை லாத்தா, டோனாவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண் என்று யார் வந்தாலும் வாசகம் மாறாது: “எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, நல்ல நினைவுடன், மனப்பூர்வமாகச் சம்மதித்து… இன்று முதல் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.” பாத்தியத்தை விட்டுக் கொடுத்தவள் பெறுவது பிறந்த வீட்டு வாசல். தை பிறந்தால் அரிசியும் பனங்கிழங்கும் கரும்பும் புதுப்பானையுமாக வந்து இறங்கும் பொங்கல்படி, பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி, சண்டை போட்டுக்கொண்டு பெட்டியுடன் வந்து நின்றால் ஏனென்று கேட்காமல் திறக்கும் கதவு. கிறிஸ்தவ வீட்டில் பொங்கல்படிக்குப் பதில் கிறிஸ்துமஸ் சீர், முஸ்லிம் வீட்டில் பெருநாள் சீர். எந்த மதத்தின் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. எந்தச் சட்டமும் இதைத் தாண்டி எளிதில் உள்ளே வந்ததும் இல்லை.

இந்த வழக்கத்துக்கு நேர்மாறான ஓர் ஊரும் இதே திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. 1986-இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடிப் பக்கம் போய்விட்ட காயல்பட்டினத்தைச் சொல்கிறேன். அங்கே மணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு எழுதப்படும். என்னுடன் பணியாற்றிய காயல்பட்டினத்துத் தோழியின் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தபோது, தெருப்பக்கம் சுற்றிவராமல் வீட்டின் பின்புறத்து முடுக்கு வழியாக அவருடைய தங்கை வீட்டுக்கும் சின்னம்மா வீட்டுக்கும் அழைத்துப் போனார். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலமே உள்ள அந்தச் சந்துகளில் ஆண்கள் நடப்பதில்லை. நான்கு வீடுகளில் தேநீர் குடித்தோம். நான்கும் பெண்கள் பெயரில் இருந்த வீடுகள். “டீச்சர், எங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்கிட்டா அவருதான் கெளம்பிப் போவணும். நான் எங்க போறது, இது எங்க வாப்பா எனக்கு எழுதிக் குடுத்த வீடுல்லா?” என்று சிரித்தார். முடுக்குக்குள் பெண்களை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நான் அங்கே போகும்வரை நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததில் முழுப் பிழையும் இல்லை. மூன்று மகள்களைப் பெற்ற வாப்பா மூன்று வீடு கட்டுவதற்குக் கொழும்பிலும் வளைகுடாவிலும் ஆயுளைக் கழிக்க வேண்டியிருப்பதும், வீடு கட்ட வக்கில்லாதவர் மகளின் கல்யாணம் தள்ளிப்போவதும் அந்தத் தோழியே சொன்னவைதாம். ஆனால் ‘இஸ்லாமும் பெண்ணும்’ என்று தலைப்புப் போட்டு எழுதும் எந்தத் தராசிலும் அந்த நான்கு வீடுகளை நிறுக்க எனக்குத் தெரியவில்லை.

ஸ்காட்டின் நூலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, மதத்தையும் பெண்ணையும் ஒரே நேரத்தில் ‘வீட்டுக்குள்’ வைத்து, அரசியலையும் சந்தையையும் ஆணுக்குரிய ‘வெளி’யாக்கியது நவீன அரசு என்று அவர் சொல்லும் பகுதிதான். நம் நாட்டில் இந்தப் பிரிவு பிறந்த ஆண்டையே சொல்லிவிடலாம். 1772-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் வங்காள ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதித் திட்டம், வாரிசுரிமை, திருமணம், சாதி முதலியவற்றில் முகமதியருக்குக் குர்ஆன், இந்துக்களுக்குச் சாஸ்திரம் என்று விதித்தது. நிலவரியும் வாணிபமும் கும்பினியின் கையில்; குடும்பம் மட்டும் மதத்தின் கையில். நமது ‘தனிநபர் சட்டம்’ காலங்காலமாக மதத்திலிருந்து இறங்கி வந்ததைப் போலப் பேசுகிறோம். அது கும்பினியின் நீதிமன்றக் கச்சேரியில் தைத்த சட்டை. பாகிஸ்தானில் பிறந்து பெர்க்லியில் பணியாற்றி 2018-இல் மறைந்த மானிடவியலாளர் சபா மஹ்மூத், எகிப்தை வைத்து இதையே இன்னும் கூர்மையாகச் சொன்னார்: குடும்பச் சட்டத்தை மட்டும் மதத்துக்கு விட்டுக் கொடுத்த பிறகு, ஒரு சமூகத்தின் அடையாளம் முழுவதும் அதன் பெண்களின் திருமணத்திலும் மணவிலக்கிலும் வந்து குவிந்துவிடுகிறது. மணவிலக்கான முஸ்லிம் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 1985-இல் வந்த ஷா பானு வழக்கின் தீர்ப்பும் அதை மட்டுப்படுத்திய 1986-இன் சட்டமும் தொடங்கி, முத்தலாக்கைச் செல்லாது என்ற 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அதைக் குற்றமாக்கிய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாம் கண்டது அதுதான். அந்த முப்பத்துநான்கு ஆண்டுப் பேச்சில் வயலைப் பற்றியும் கூலியைப் பற்றியும் யார் பேசினார்கள்?

இந்த வீடு, வெளி என்ற பகுப்பை, நெல்லையில் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் மேலப்பாளையத்துக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தால் பொருந்தாது. மடியில் சொளகை வைத்து, நறுக்கிய இலையில் தூளை இட்டு உருட்டிப் பீடிக்கு நூல் சுற்றும் பெண், வாசல்படியைத் தாண்டாமலே ஒரு தொழிற்சாலையின் தொழிலாளி. 1966-ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டமே, வீட்டில் இருந்து சுற்றுபவளையும் தொழிலாளி என்றுதான் வரையறுத்தது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் இந்துப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் அதே இலையை அதே கூலிக்குச் சுற்றுகிறார்கள். இலையை ஈரச் சாக்கில் பொதிந்து வைப்பது முதல் கணக்கில் கழிவு பிடிக்கும்போது வாயை மூடிக்கொள்வது வரை, மத வேற்றுமையை அங்கே நான் கண்டதில்லை.

ஸ்காட்டிடம் எனக்கு முரண்பாடும் உண்டு. பிரான்சில் பகுத்தறிவாளர்கள் பெண்ணைப் பக்தியோடு சேர்த்துக் கட்டி ஒதுக்கினார்கள் என்பது மெய். ஆனால் செங்கல்பட்டில் நடந்தது அதற்கு எதிரானது. கடவுளை மறுத்தவர்களே பெண்ணின் சொத்துரிமையையும் மறுமணத்தையும் எடுத்த எடுப்பிலேயே பேசினார்கள். ஐரோப்பாவை வைத்து ‘மதச்சார்பின்மை’ என்ற சொல்லுக்கு எழுதிய வரலாறு, ஈரோட்டின் மீது படியவில்லை. இன்னொன்று: சமத்துவப் பேச்சை அரசுகள் எப்படிப் பயன்படுத்திக்கொள்கின்றன என்பதைக் காட்டுவதிலேயே அவருடைய கவனம் நின்றுவிடுகிறது. ஜமாத்தில் தன் வழக்கைத் தன்னை வெளியே நிறுத்திவிட்டு ஆண்கள் மட்டும் பேசி முடிக்கிறார்கள் என்று வெகுண்ட தமிழ் முஸ்லிம் பெண்களுக்கு அந்த ஆராய்ச்சியில் கைப்பிடி எதுவும் அகப்படாது. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானமும் அவருடைய தோழியரும் பெண்களுக்கென்று தனி ஜமாத்தைக் கூட்டியபோது, அவர்கள் மதத்தையும் விடவில்லை, அரசுக்காகவும் காத்திருக்கவில்லை. இந்த மூன்றாவது வழிக்கு ஸ்காட்டின் நூலில் ஓர் அத்தியாயம் இருந்திருக்கலாம்.

கெய்ரோவின் பள்ளிவாசல்களில் கூடிப் பாடம் கேட்ட பெண்களைப் பற்றி 2005-இல் வெளிவந்த நூலில் சபா மஹ்மூத் கேட்ட கேள்வியொன்று உண்டு: எதிர்த்து நிற்பவளுக்கு மட்டும்தான் சொந்தச் சித்தம் உண்டா, விரும்பி அடங்கி நடப்பவளுக்குக் கிடையாதா? அந்தக் கேள்வியை நான் மாணவியரிடம் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். டோக்கன் எண் வந்து உள்ளே போனதும் சார்பதிவாளர், வயதில் என் மகளைவிடச் சின்னவர், நிமிர்ந்து பார்க்காமல் அதையே கேட்டார்: “உங்க முழுச் சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கீங்களாம்மா?” 1997-இல் கேட்டபோது ஒரு நொடியும் தாமதிக்காமல் ‘ஆமா’ என்றேன். அன்று தங்கையின் முகத்தைப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்குமோ என்னவோ. பன்னிரண்டில் ஐந்தை விட்டுக் கொடுத்தவள் அவள்தான். இந்த முறை திரும்பிப் பார்த்தேன். அவள் கைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பெருவிரலைக் கருவியில் வைத்தேன். வெளியே வந்ததும் மூவரும் எதிரிலிருந்த கடையில் காப்பி குடித்தோம். வயல் கைமாறுவதற்கு இன்னும் பத்து நாள் ஆகும், பிசானப் பருவத்துக்கு நாற்றுப் பாவுவது இனி வாங்கியவர் பாடு என்றான் தம்பி. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னான்: “வர்ற பொங்கலுக்கு அரிசிய கடையிலதான் வாங்கித் தரணும்க்கா.”